வாந்தி மாத்திரைக்கு முன் ஒரு கேள்வி

ஆசிரியருக்கு,

தலையில் அடிபட்டால் செய்ய வேண்டிய முதலுதவி பற்றிய தங்கள் கட்டுரை பயனுள்ளது. ஆனால் பலர் வீட்டில் முதலில் தேடும் வாந்தி மாத்திரை பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஒன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை குமட்டலை அடக்கும், சரி. மூளை அதிர்ச்சியை அது குணப்படுத்தாது. அடிபட்ட பின் திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், மண்டைக்குள் ரத்தம் கசிகிறதோ என்று மருத்துவர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த அறிகுறியை நாமே மாத்திரை போட்டு மறைத்துவிடக் கூடாது. புரோகுளோர்பெரசின் போன்ற வேறு வாந்தி மாத்திரைகள் தூக்கக் கலக்கத்தையும் தரும். அந்தக் கலக்கம் மருந்தாலா, அடியாலா என்று வீட்டில் யாரால் சொல்ல முடியும்?

என் மகன் சைக்கிளிலிருந்து விழுந்த அன்று, அலமாரியில் மிச்சமிருந்த மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டேன். அப்புறம் மருத்துவர், "எத்தனை முறை வாந்தி எடுத்தான்? எத்தனை மணிக்கு மாத்திரை கொடுத்தீர்கள்?" என்று கேட்டபோது, காலி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பதில் தெரியாமல் நின்றேன். நல்லவேளை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரிசோதித்த பின் மருத்துவரே இம்மருந்தைத் தருவது வேறு விஷயம். மருந்துக் கடைகளில் வாந்தி மாத்திரை கேட்பவரிடம் "தலையில் அடி ஏதும் பட்டதா?" என்று கேட்பதைக் கட்டாயமாக்கலாம்.

– ஒரு வாசகர்