சூடானால் நின்றுவிடும் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
ஹெரால்டு கார் உரிமையாளர், மேற்கு மாம்பலம், சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

ஐயா,

என்னுடையது 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிளக்கில் பொறி வர மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பிளாட்டினம் பாயிண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மாட்டும் உங்கள் எலக்ட்ரானிக் கிட்டை (ஒரு மாட்யூலும், அதன் எதிரே சுற்றும் காந்த வளையமும்) 6,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பெட்டியின் மேல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் படம். அதில் தவறில்லை, 1962இல் வந்த அந்த ஸ்போர்ட்ஸ் காரே ஹெரால்டின் சேஸியைக் குறுக்கிச் செய்ததுதான். 'ஹெரால்டுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தீர்கள். பொருந்தத்தான் செய்தது. ஓடுவதில்தான் தகராறு.

முதல் மூன்று வாரம் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட், ஐடிலிங்கில் நடுக்கமே இல்லை. அப்புறம் ஒரு மத்தியானம், ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் பக்கம் வரும்போது, சாவியைத் திருப்பியதுபோல என்ஜின் அணைந்தது. ஸ்டாண்டர்டு கார் தொழிற்சாலை இருந்த பகுதி அது; இந்த வண்டி பிறந்த ஊரிலேயே அதைத் தள்ளினேன். இருபது நிமிடம் ஆறியதும் கிளம்பி, குரோம்பேட்டையில் மறுபடி நின்றது. நல்லவேளை, பழைய பாயிண்டும் கண்டன்சரும் டேஷ்போர்டு பெட்டியில் கிடந்தன. ஹெரால்டின் பானெட் முன்பக்கமாக முழுசாகத் திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். பாயிண்டின் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாததால் விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி வைத்தேன். அதில்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

போன் செய்தபோது உங்கள் டெக்னீஷியன், பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் காயில் 1.5 ஓமாக இருக்கும், மின்தடை குறைவாக இருப்பதால் கூடுதல் மின்சாரம் பாய்ந்து மாட்யூல் சூடாகிறது என்றார். நியாயமான சந்தேகம். அளந்து பார்த்தேன்: 3.1 ஓம். அடுத்து, பழைய பிரிட்டிஷ் டிசைன், பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைத்த பாசிட்டிவ் எர்த்தாக இருக்கும் என்றார். அப்பா காலத்திலேயே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய வண்டி இது. தப்பான எர்த்தில் மாட்டியிருந்தால் மூன்று வாரம் எப்படி ஓடியிருக்கும்? பிளக் ஒயர் செம்புக் கம்பி, அதனால் மாட்யூலுக்கு மின் இடைஞ்சல் என்றார். சரி என்று கார்பன் ஒயர் வாங்கிப் போட்டேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எர்த் ஒயரையும் புதிதாக மாற்றினேன். இவற்றில் ஒன்றுகூட உங்கள் ஒற்றைத்தாள் குறிப்பில் கிடையாது. கடைசியில் மாற்று மாட்யூல் அனுப்பினீர்கள். அது ஒன்பதாம் நாள் நின்றது.

பிறகு நானே சோதித்தேன். மாட்யூலைக் கழற்றி, 12 வோல்ட் பேட்டரியும் சின்ன டெஸ்ட் பல்பும் இணைத்து, காந்த வளையத்தை அதன் எதிரே கையால் சுற்றினேன். காந்தம் கடக்கும்போதெல்லாம் பல்பு விட்டுவிட்டு எரிந்தது. மனைவியின் ஹேர் டிரையரால் நான்கு நிமிடம் சூடு காட்டினேன். எவ்வளவு சுற்றியும் பல்பு அசையவில்லை. ஃபேனுக்கு அடியில் ஆறவைத்தால் மறுபடி எரிகிறது. இரண்டு மாட்யூலும் ஒரே கதை. இதில் என் காரும் இல்லை, காயிலும் இல்லை, பிளக் ஒயரும் இல்லை. பிறகு யாரைக் குறை சொல்வது?

இந்தச் சோதனையை வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். அதற்கு மூன்று வாரம் கழித்து வந்த பதில் ஒரே வரி: 'அங்கீகரிக்கப்பட்ட மெக்கானிக் பொருத்தாததால் வாரண்டி செல்லாது.' உற்பத்தி நின்று இத்தனை வருடம் ஆன ஹெரால்டுக்கு அப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து முகவரி கொடுங்கள். உங்கள் கிட்கூட வேண்டாம், அவரைப் போய்ப் பார்க்கிறேன்.

மூன்றாவது மாட்யூல் அனுப்ப வேண்டாம். 6,800 ரூபாயும் கூரியர் செலவு 180 ரூபாயும் என் வங்கிக் கணக்குக்கு வந்தால் போதும். கார்பன் ஒயர் காசைக் கேட்கவில்லை, அது எனக்கே உபயோகம். ரசீது நகலும் இரண்டு மாட்யூலும் இக்கடிதத்துடன் வருகின்றன. 15 நாளில் பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அங்கேயும் ஹேர் டிரையரைக் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
இப்போதைக்குப் பிளாட்டினம் பாயிண்டில் வண்டி ஓட்டும் தங்கள் வாடிக்கையாளர்