தலையாட்டமும் மண்டலத்தின் நிறையும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேரன் பம்பரம் விடப் பழகிவிட்டான் என்று படித்து மகிழ்ந்தேன். ஆனால் பம்பரத்தின் தலையாட்டத்தை, அதாவது சுழலும்போதே அதன் அச்சு மெல்ல வட்டமிடுவதை, வைத்து ஒரு விண்மீன் மண்டலத்தின் நிறையைச் சொல்ல முடியுமா என்று கடைசி வரியில் கேட்டுவிட்டீர்களே, நான்கு நாட்களாக அதிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன். என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன்: தலையாட்டம் காட்டுவது பெரும்பாலும் நிறையின் அளவை அன்று, அது எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதைத்தான்.

சைக்கிள் சக்கரத்தின் அச்சில் ஒரு முனையை மட்டும் கயிற்றில் கட்டி, ஆய்வுக்கூட உத்தரத்தில் நாம் தொங்கவிட்டது நினைவிருக்கிறதா? வேகமாகச் சுற்றிவிட்ட சக்கரம் கவிழாமல் நின்றபடியே கயிற்றை மெல்ல வலம் வந்தது. சுழற்சி தளரத் தளர வலம் விரைவாயிற்று. திருப்பு விசையைக் கோண உந்தத்தால் (சுழற்சியின் வலுவால்) வகுத்தால் வலம் வரும் வேகம் கிடைக்கும் என்று கரும்பலகையில் எழுதினோம். பையன்கள் பலகையைப் பார்க்கவே இல்லை.

பூமிக்கும் அதே விதிதான். நடுக்கோட்டுப் பகுதி சற்றுப் பருத்திருப்பதால் சூரியனும் சந்திரனும் அதைப் பற்றித் திருப்ப, அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளில் ஒரு சுற்று வருகிறது. பஞ்சாங்கத்தில் 24 பாகைக்கு மேல் போட்டிருக்கும் அயனாம்சம் இந்த நகர்வின் கணக்கே. இதன் வேகத்தோடு செயற்கைக்கோள் பாதைகளின் அளவீட்டையும் சேர்த்தால், பூமியின் நிலைமத் திருப்புத்திறன் எண், அதாவது நிறை மையத்தில் எவ்வளவு திரண்டிருக்கிறது என்று காட்டும் எண், 0.33 என்று வருகிறது. சீரான கோளமாக இருந்தால் 0.4 வந்திருக்க வேண்டும். ஆக, உள்ளே கனம் மையத்தில் திரண்டிருக்கிறது என்பதைத் தோண்டாமலே அறிந்தோம்.

இனி நம் விண்மீன் மண்டலமான பால்வழி. அதன் வட்டு பொரித்த அப்பளம்போல் விளிம்பில் ஒருபுறம் மேலெழுந்தும் மறுபுறம் தாழ்ந்தும் நெளிந்திருக்கிறது. அதைச் சூழ்ந்துள்ள கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே அறியப்படும் பொருள்) கச்சிதமான கோளமாக இருந்தால் இந்த நெளிவைத் திருப்ப முடியாது. தட்டையாக இருந்தால், நெளிவை வட்டின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் மெல்ல நகர்த்தும். விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளக்க அனுப்பிய கையா விண்கலம் அளந்த சுமார் 1.2 கோடி ராட்சத விண்மீன்களைக் கொண்டு 2020இல் வந்த ஆய்வு, நெளிவு சுழற்சியின் திசையிலேயே 60 முதல் 70 கோடி ஆண்டுகளுக்கு ஒரு சுற்று வருகிறது என்றது. 2024இல் வந்த இன்னொன்று நேர் எதிர்: சுமார் 2,600 செபீட் விண்மீன்களை (ஒளி சீராகக் கூடிக் குறையும் விண்மீன்கள்) வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வயதினரும் காட்டும் நெளிவைத் திரைப்படச் சுருளின் படங்கள்போல் அடுக்கிப் பார்த்ததில், அது பின்னோக்கி, பத்து லட்சம் ஆண்டுகளுக்கு 0.12 பாகை வீதம் நகர்வதாகத் தெரிந்தது. கரும்பொருள் சற்றே தட்டையானது என்ற முடிவும் அதிலிருந்து வந்தது. எனக்குப் பின்னதுதான் நம்பத்தக்கதாகப் படுகிறது. முன்னது விண்மீன்களின் வேகத்திலிருந்து ஊகித்தது, இதுவோ நெளிவின் இருப்பிடத்தையே காலவரிசையில் பார்க்கிறது.

நிறையையே கேட்டால், பம்பரத்தை விட்டுவிட்டு அதன் உறவுக்காரரிடம், அதாவது சுற்றுப்பாதையே மெல்லத் திரும்புவதிடம், போகவேண்டும். தனுசு குறுமண்டலம் என்ற சிறு விண்மீன் மண்டலம் பால்வழியைச் சுற்றிச் சிதைந்து நீண்ட விண்மீன் ஓடையாகிவிட்டது. முழு நிறையும் மையத்தில் இருந்தால் அதன் நீள்வட்டம் அதே இடத்தில் மூடிக்கொள்ளும். பரவியிருப்பதால் பாதையின் தொலைமுனை (மையத்திலிருந்து மிகத் தள்ளியிருக்கும் இடம்) ஒவ்வொரு சுற்றிலும் விலகுகிறது. கரும்பொருள் தூரத்துக்கு நேர்விகிதத்தில் பெருகிக்கொண்டே போனால் சுமார் 120 பாகை விலகவேண்டும். ஆனால் ஓடையின் முன்வால், பின்வால் இரண்டின் தொலைமுனைகளுக்கும் இடையே அளந்தது சுமார் 93 பாகை. ஆகவே வெளியே போகப்போக நிறை எதிர்பார்த்ததைவிடக் குறைகிறது. இதைக் கொண்டு 2014இல் போட்ட கணக்கில், மையத்திலிருந்து சுமார் மூன்றேகால் லட்சம் ஒளியாண்டுகளுக்குள் ஏறத்தாழ 40,000 கோடி சூரிய நிறை மட்டுமே வந்தது. பால்வழியின் துணை மண்டலமான பெரிய மகெல்லன் மேகமும் அந்த ஓடையை இழுப்பதைப் பின்னர் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் அந்த எண்ணை நான் பென்சிலால்தான் குறித்து வைத்திருக்கிறேன்.

நெளிவின் 0.12 பாகைக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன்: முழுச்சுற்றுக்குச் சுமார் 300 கோடி ஆண்டுகள் ஆகின்றன. எங்காவது சுழி விட்டிருந்தால் அடுத்த கடிதத்தில் திருத்தி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆய்வுக்கூடத் தோழன்