தம்பி போட்ட 140

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். காரைக்காலில் எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நேற்று ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். நீ பேசி அனுப்பியதில் பின்னால் என் பேரன், நம் தம்பி, அழுகிற சத்தமும் கேட்டது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் ஒரு தோட்டம். அதற்குள்ளேயே சுற்றிலும் 2 மீட்டர் அகலத்துக்குப் பாதை. பாதையின் பரப்பு என்ன? தம்பி 140 என்று போட்டிருக்கிறான். நீ அதைச் சிவப்பு மையில் அடித்து, வெளிச் செவ்வகத்தில் இருந்து உள் செவ்வகத்தைக் கழி என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய். 300இல் 176 போனால் 124. நீ போட்டது சரிதான். ஆனால் அவனுக்கு 140 எங்கிருந்து வந்தது என்று கேட்டாயா?

நான் போட்டுப் பார்த்தேன். சுற்றளவு 70, அதை 2ஆல் பெருக்கியிருக்கிறான். நாலு பக்கமும் பாதையை நாலு பட்டையாகப் பார்த்திருக்கிறான். கல் பதிக்கிறவனும் முதலில் அப்படித்தான் பார்ப்பான். இத்தனை வருஷம் கொத்து வேலை பார்த்தவன் சொல்கிறேன், அது நல்ல யோசனை. தப்பு மூலையில் மட்டும்தான். நீளப் பட்டையும் அகலப் பட்டையும் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஒரு மூலைக்கு 2க்கு 2, நாலு சதுர மீட்டர். நாலு மூலைக்கும் 16. 140இல் 16ஐ எடுத்தால் உன் 124 வந்துவிடுகிறது.

இதை நீயாகச் சொல்லிவிடாதே. கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டம் ஒரு மீட்டர் என்று வைத்து அவனையே வரையச் சொல். நீளவாட்டில் போகும் பாதைக்கு நீலப் பென்சில், அகலவாட்டுக்குச் சிவப்பு. மூலைக்கு வந்ததும் அந்த நாலு கட்டம் மட்டும் ஊதாவாகும். அவனே நிமிர்ந்து உன்னைப் பார்ப்பான். அப்புறம் அதே பாதையைத் தோட்டத்துக்கு வெளியே போடச் சொல். அங்கே மூலைகள் வெறுமனே கிடக்கும். 140ஓடு 16 சேர்த்து 156.

நீ ஏன் பதறுகிறாய் என்று எனக்குத் தெரியும். சைனிக் பள்ளி ஆறாம் வகுப்புத் தேர்வில் 300 மதிப்பெண்ணில் பாதி கணக்குக்கு. 50 கேள்வி, ஒன்றுக்கு 3. மற்ற பாடங்களோடு சேர்த்து 125 கேள்வியை இரண்டரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். வேகம் வேணும்தான். ஆனால் அங்கே நாலு விடை கொடுத்து ஒன்றைக் குறிக்கச் சொல்வார்கள். அந்த நாலில் 140ம் இருந்தால் தம்பி தன் விடை வந்துவிட்டது என்று சந்தோஷமாகக் குறித்துவிட்டுப் போய்விடுவான். நீ அடித்த சிவப்புக் கோடு அங்கே அவன் கூட வராது. ஊதா மூலை வரும்.

1998இல் நீ நவோதயா பள்ளி நுழைவுத் தேர்வு எழுதினாயே. வேலை விட்டு வந்து, சிமென்ட் வாடை போகாத கையோடு, ஒவ்வொரு கணக்குக்கும் நானே ஸ்கேல் வைத்துப் படம் போட்டேன். உன் கோடு கோணலாக வருகிறது என்று பென்சிலை உன் கையில் கொடுக்கவே இல்லை. நீயும் 'புரியுதுப்பா' என்பாய். புரியத்தான் செய்தது. தேர்வு முடிந்து வெளியே வந்தவள், 'படம் போடாமக் கேட்டுட்டாங்கப்பா' என்றாய். பஸ்ஸில் வீடு வரும்வரை வேறு பேச்சே இல்லை. உனக்கு இடம் கிடைக்காததற்கு நீ காரணம் இல்லை, பாப்பா. அன்றைக்கே இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதனால் அவன் கோடு கோணினாலும் விட்டுவிடு. மூன்றரை மணிக்குக் கடிகார முட்களுக்கு நடுவே 90 பாகை என்றானாமே, வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றி அவன் கையிலேயே கொடு. பின்னால் இருக்கும் திருகைத் திருப்பட்டும். பெரிய முள் 6க்கு வருவதற்குள் சின்ன முள் 3ஐத் தாண்டிப் பாதி தூரம் போயிருக்கும். அந்தப் பாதி தூரம் 15 பாகை. அதை 90இல் அவனே கழித்து 75 என்பான். கூட்டினால் 90 வரும் நிரப்புக் கோணம், 180 வரும் மிகை நிரப்புக் கோணம் எல்லாம் இரண்டு நாள் வேலை, அதற்கு இப்போதே கவலைப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் வருகிறேன். தம்பிக்கு ஒரு கணக்கு: 10 மீட்டருக்கு 8 மீட்டரில் ஒரு கட்டடம், வெளியே சுற்றிலும் 1 மீட்டர் நடைபாதை. அவனே படம் போட்டு வைத்திருக்கட்டும். மூலையில் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்பேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திரு, விடை சொல்லாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா