எக்ஸ்ரே பாஸ் ஆனால் போதாது: வெல்டிங் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் தொழிற்பயிற்சி நிலையம் நடத்தும் முதல்வர்களுக்கும், வெல்டிங் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் கீழக்கரைக்காரன். வளைகுடாவில் பைப் வெல்டராகப் போய், வெல்டிங் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்து ஊர் திரும்பியவன். உங்களிடம் படித்த பையன்கள் பலரை அங்கே பார்த்திருக்கிறேன். கை அவ்வளவு சுத்தம். பைப்பைச் சாய்த்து அசையாமல் வைத்து வெல்டிங் போடச் சொல்லும் 6ஜி டெஸ்டில் முதல் தடவையே பாஸ் ஆவார்கள். அந்தப் பெருமை உங்களுக்குத்தான். ஆனால் ஹார்ட்னெஸ், அதாவது உலோகம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்ற ஒரு பாடம் அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை.

ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். கேஸ் பிளான்ட் வேலை. 316எல் ஸ்டெயின்லெஸ் பைப்பைக் கார்பன் ஸ்டீலோடு சேர்க்க வேண்டும். அதற்கு 309எல் ராடு (உருக்கி இணைக்கும் கம்பி) வேண்டும். போர்மேன் அவசரத்தில் எடுத்துக் கொடுத்தது 308எல். பையனுக்கு வித்தியாசம் தெரியாது. பாசி மணி கோத்த மாதிரி அழகாகப் போட்டுவிட்டான். எக்ஸ்ரேயில் ஒரு குறை இல்லை. ஹார்ட்னெஸ் பார்த்தபோது 340 விக்கர்ஸ் வந்தது; வைரமுனையை அழுத்தி, பதியும் குறியை வைத்து அளக்கும் அளவு அது. கார்பன் ஸ்டீல் உருகிக் கலந்ததில் வெல்டுக்குள் மார்ட்டன்சைட் என்ற இறுகிப்போன அமைப்பு உருவாகிவிட்டது. எட்டு ஜாயின்ட்டையும் அறுத்தார்கள். பழி பையன் மேல் விழுந்தது. அந்த மாதமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ராடு கொடுத்தவரை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

ஹார்ட்னெஸ் ஏன் இவ்வளவு முக்கியம்? ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த ஈரமான கேஸ் உலோகத்தை அரிக்கும்போது ஹைட்ரஜன் அணுக்கள் பிறக்கும். சாதாரணமாக அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழாகப் போய்விடும். சல்ஃபைடு அதைத் தடுப்பதால் உலோகத்துக்குள்ளேயே இறங்கும். இடம் மென்மையாக இருந்தால் தாங்கும்; இறுகிப்போயிருந்தால் சட்டென்று வெடிப்பு விடும். குருத்தோலை மடியும், காய்ந்த ஓலை ஒடியும், அப்படித்தான். உள்ளே இருக்கும் கேஸோ 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவிலேயே உயிருக்கு ஆபத்து. மூக்கும் மரத்துப்போகும் என்பதால் வாசனையை நம்ப முடியாது.

சரி, எவ்வளவு இருக்கலாம்? இங்கேதான் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். கார்பன் ஸ்டீல் வெல்டுக்கு 250 விக்கர்ஸ் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அதையே எல்லா ஸ்டெயின்லெஸுக்கும் வைக்கக் கூடாது. இந்தக் கேஸ் ஓடும் எண்ணெய், எரிவாயு வேலைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 15156 விதியில் 316எல் போன்றவற்றுக்கு 22 ராக்வெல் சி; இது ஹார்ட்னெஸுக்கு இன்னொரு அளவுகோல். டூப்ளெக்ஸ் வேறு ஜாதி; பெர்ரைட், ஆஸ்டனைட் என்ற இரண்டு அமைப்பும் ஏறக்குறைய பாதிப்பாதி கலந்த ஸ்டெயின்லெஸ். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கான எம்.ஆர்.0103 விதியில் சாதாரண டூப்ளெக்ஸுக்கு 28 ராக்வெல் சி, அதன் வெல்டுக்குச் சராசரி 310 விக்கர்ஸ். கார்பன் ஸ்டீல் அட்டவணையை வைத்து அந்த 28-ஐ விக்கர்ஸுக்கு மாற்றினால் 286தான் வரும். அந்தக் கணக்கை நம்பினால் நல்ல ஜாயின்ட்டையும் அறுத்துப்போட நேரும்.

டூப்ளெக்ஸில் இன்னொன்று. பில்லர் ராடு இல்லாமல் உருக்கி ஒட்டினால் அந்தப் பாதிக்கணக்கு கெட்டுப் பெர்ரைட் கூடிவிடும். ஒரு பாஸ் (வெல்டிங்கின் ஒரு அடுக்கு) ஆறுவதற்குள் அடுத்ததைப் போட்டுக்கொண்டே போனால் சிக்மா என்ற எளிதில் ஒடியும் அமைப்பு உருவாகி நொறுங்கும். அதனால் பாஸுக்குப் பாஸ் 150 டிகிரிக்குக் கீழே இறங்கட்டும் என்று காத்திருக்கும் பொறுமையை இங்கேயே பழக்கிவிடுங்கள்.

புது மெஷின் வாங்கச் சொல்லவில்லை. பையன்கள் போட்ட ஜாயின்ட் ஒன்றைக் குறுக்கே அறுத்து, பாலிஷ் போட்டு, விக்கர்ஸ் மெஷின் இருக்கும் கல்லூரி லேபுக்கு அவர்களையே கூட்டிப்போங்கள். 10 கிலோ பாரத்தில் வைரமுனை பதிக்கும் குறி கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். வெல்டை ஒட்டிய அந்தக் குறுகிய பட்டையை அளக்க அவ்வளவு சின்னக் குறிதான் வேண்டும். லென்ஸில் ஒருமுறை பார்த்தவன் மறக்க மாட்டான். அப்புறம், ராடை வாங்கும்போது அதில் அச்சடித்த எண்ணைப் படித்துப் பார்த்து, தவறென்றால் "இது வேண்டாம்" என்று சொல்லவும் கற்றுக்கொடுங்கள்.

அறுத்த ஜாயின்ட் துண்டுகள் சில என் வீட்டில் இருக்கின்றன. எடுத்துக்கொண்டு வருகிறேன். எந்த நாள் தோதுப்படும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கீழக்கரையிலிருந்து ஒரு பழைய வெல்டர்