மாத்திரை டப்பா போட்டோ பாத்தேன் பாப்பா

பாப்பாவுக்கு அம்மா எழுதுறது. போன்ல பேசுனா "சரிம்மா சரிம்மா"ன்னு வச்சிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமா இருக்குன்னு பாதில மூடிராத.

நீ அனுப்புன போட்டோவ பெருசாக்கி ஒவ்வொரு லேபிளா படிச்சேன். மல்டிவைட்டமின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ, கால்சியம், பாசில செய்யிற ஸ்பைருலினா, தலைமுடிக்குன்னு ஒண்ணு, அதுல வைட்டமின் ஏ வேற தனியா சேத்துருக்கான். மீன், கறி, முட்ட, பாலு எதையும் தொடாத வீகன் ஆனதுக்கு உங்கப்பாதான் மூஞ்சிய தூக்கி வச்சிருக்காரு, எனக்கு கோவம்லாம் இல்ல, கடலோரம் தங்கச்சிமடத்துல பொறந்த புள்ள மீன் வேணாங்குதேன்னு ஒரு ஆதங்கம், அவ்ளோதான். ஆனா மீன விட்டுட்டா அது குடுத்துட்டு இருந்தத வேற எதுல இருந்து எடுக்குறன்னு கேட்டா உங்கிட்ட பதில் இருக்கணும்.

மாத்திரைக்கு நான் எதிரி இல்லன்னு உனக்கே தெரியும், ரிட்டையர் ஆகுற வரைக்கும் வீடு வீடா போயி சத்து மாத்திரை குடுத்தவ நானு. கர்ப்பிணிக்கு 60 மில்லிகிராம் இரும்பு, கூட 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட், 180 நாளைக்கு. வாங்கி வச்சுக்கிட்டு பாதிப்பேரு முழுங்க மாட்டாளுக. வயித்த பெரட்டுது, வெளிய கருப்பா போகுதுன்னு பயந்துக்கிட்டு மாத்திரை பட்டைய அப்படியே கூரை ஓலைக்குள்ள சொருகி வச்சிருப்பாளுக, நான் போயி கைய விட்டு உருவுவேன். கருப்பா போறது இரும்புனாலதான் ஆத்தா, பயப்படாதன்னு சொல்லி, சாப்ட்டதும் டீ குடிக்காத, எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்கன்னு சொல்லிட்டு வருவேன். டீ இரும்ப உள்ள சேரவிடாது, வைட்டமின் சி சேத்து விடும். கால்சியம் மாத்திரையும் இரும்பும் ஒரே நேரத்துல போட்டாலும் அதே கதைதான். நீ காலைல எல்லா டப்பாலயும் ஒவ்வொண்ணு எடுத்து காபியோட மொத்தமா முழுங்குறேன்னு சொன்னியே, அதுல பாதி வீண்.

சரி, டப்பாக்கு வர்றேன். டி மாத்திரைய விடாத. இங்க வெயில்ல நின்னா தோலே செஞ்சுக்கும், உங்க டொராண்டோல நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் சூரியன் தாழ நிக்கிறதுனால வெளிய நின்னாலும் அந்த வேல நடக்காது. அங்க மாட்டுப்பால்ல சட்டப்படியே டி சேப்பாங்க, நீ அதையும் குடிக்கிறதில்ல. ஆனா பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 600 ஐயூதான் (டப்பால போட்டிருக்குற அளவு அது) தேவைன்னு கணக்கு, டாக்டர் சொல்லாம 4000த்த தாண்டக்கூடாது. இது கொழுப்புல கரையிற வைட்டமின், மிஞ்சுனது ஒண்ணுக்குல போகாது, உள்ளயே தங்கி ரத்தத்துல கால்சியத்த ஏத்திவிடும், அப்பறம் கிட்னிக்கு சிக்கல். மல்டிவைட்டமின்லயும் டி இருக்கும், கால்சியம் டப்பாலயும் இருக்கும், மூணையும் கூட்டிப் பாரு.

அடுத்து பி12, இதுதான் எனக்கு கவலை. செடி கொடில இது கெடையாது, மீன் கறி முட்ட பால்ல மட்டுந்தான். ஸ்பைருலினால இருக்குன்னு டப்பால போட்டிருப்பான், அதுல உள்ளது பாக்க பி12 மாதிரி இருக்குமே தவிர நம்ம உடம்புக்கு உதவாது. நம்ம பொம்பளைக கையில துணிய சுத்திக்கிட்டு தண்ணிக்குள்ள முங்கி முங்கி பாசி எடுக்குறாங்கல்ல, அவங்க யாரும் பாசிய தின்னு உடம்ப வளக்கல, வித்துட்டு வந்து மீன் கொழம்புதான் வைக்கிறாங்க. ஈரல்ல பி12 சேமிப்பு இருக்கும், அதுனால வருசக்கணக்குல ஒண்ணுமே தெரியாது, நல்லாத்தான இருக்கோம்னு தோணும். அப்பறம் காலு மரத்துப்போகும், நாக்கு செவந்து எரியும், மறதி வரும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, ஃபோலிக் ஆசிட் நெறைய எடுத்தா ரத்தசோகை சரியான மாதிரி காட்டிரும், நரம்பு மட்டும் உள்ள கெட்டுக்கிட்டே போகும். அதுனால ரத்தத்துல பி12 பாத்துட்டு தனி மாத்திரை வாங்கு, ஸ்பைருலினாவ தூக்கிப்போடு.

ஈ டப்பா எதுக்குன்னு எனக்கு வெளங்கல. மாப்பிள்ளை சிகரெட்ட விட்டாச்சா இல்லயா? விடலன்னா அவரு போடுற கண் மாத்திரைல பீட்டா கரோட்டின்னு எழுதிருக்கான்னு பாரு, இருந்தா நிறுத்தச் சொல்லு. காய்கறி நெறைய திங்கிறவங்களுக்கு நுரையீரல் புத்து கம்மியா வருதுன்னு பாத்துட்டு, அதுல இருக்குற பீட்டா கரோட்டின மட்டும் தனியா மாத்திரையாக்கி பின்லாந்துல 29,000க்கு மேல புகை பிடிக்கிற ஆம்பளைகள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணுனாங்க, சில பேருக்கு ஈயும் குடுத்தாங்க. 1994ல முடிவு வந்துச்சு, பீட்டா கரோட்டின் மாத்திரை தின்னவங்களுக்கு நுரையீரல் புத்து 18 சதவீதம் கூடத்தான் வந்துச்சு, ஈ அத ஒண்ணும் கொறைக்கல. அதே சத்து கேரட்லயும் முருங்கக்கீரைலயும் இருக்கு, அத எத்தன தடவ வேணாலும் திங்கட்டும், கொஞ்சம் எண்ணெய் விட்டு தாளிச்சாத்தான் உடம்புல சேரும்.

அதுக்காக நம்ம ஊரு சாப்பாடுதான் ஒசத்தின்னு பெரும பேச வரல. உங்க அப்பத்தா சாளை மீன மண்சட்டில புளி ஊத்தி முள்ளு மெத்துன்னு ஆகுற வரைக்கும் வேகவைக்கும், முள்ளோட மென்னு முழுங்கும், கால்சியம் அதுல போயிரும், சாளைல உள்ள நல்ல கொழுப்பும் போயிரும். ஆனா அதே கெழவி ரெண்டு வேளையும் கருவாடு கடிச்சுக்கிட்டு பிரசர் ஏறி படுத்துச்சு. ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நம்ம வீட்ல ஒரு ஊறுகாயும் ஒரு துண்டு கருவாடும் வச்சா அதுலயே முக்காவாசி முடிஞ்சிரும். உங்கப்பாட்ட சொன்னா கேப்பாரா.

உனக்கு கால்சியத்துக்கு கேப்பை இருக்கு, 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கும், எள்ளு இருக்கு, கீரை இருக்கு. முப்பது வயசு வாக்குல எலும்பு அதோட உச்சத்துக்கு வந்துரும், அதுக்கப்பறம் இருக்குறத காப்பாத்துறதுதான், நீ இப்ப அந்த எடத்துலதான் நிக்கிற.

இன்னொண்ணு, திட்டாத. நான் பேரப்புள்ள எப்பன்னு கேக்கல. ஆனா எண்ணம் இருந்தா இப்பவே ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் ஆரம்பிச்சிரு. புள்ளையோட மூளையும் தண்டுவடமும் மூடுற வேல முதல் நாலு வாரத்துலயே முடிஞ்சிரும், நாள் தள்ளிப்போச்சேன்னு நீ கணக்கு பாக்கும்போது அந்த வேல ஏறக்குறைய முடிஞ்சிருக்கும். தலைமுடி டப்பால உள்ள ஏ ரெட்டினால்னு இருந்தா அத இன்னிக்கே நிறுத்து, அதிகமானா வயித்துல உள்ள புள்ளைக்கு ஆகாது. முடி கொட்டுறது இரும்பு கொறஞ்சோ தைராய்டுனாலயோகூட இருக்கலாம், பி12 பாக்குறப்பவே ஹீமோகுளோபின், இரும்பு சேமிப்பு காட்டுற ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்எச், மூணையும் சேத்து எழுதச் சொல்லு.

தைராய்டுன்னதும்தான் ஞாபகம் வருது, நீ சமையலுக்கு போடுற அந்த பிங்க் கல்லுப்பு. கடல் மீனும் கெடையாது, பாலும் கெடையாது, தைராய்டுக்கு வேணுங்குற அயோடின் உனக்கு வரவேண்டிய முக்கியமான வழி உப்புதான், அந்த கல்லுல அது சொல்லிக்கிற அளவுக்கு இல்ல. இங்க வாலிநோக்கத்துல அரசு எடுக்குற உப்புலயே அயோடின் சேத்து, கூட இரும்பும் சேத்த உப்பு சத்துணவுக்கு போகுது. கனடாலயும் சாதா டேபிள் உப்புல அயோடின் கட்டாயம் போட்டிருப்பான், வெலையும் கம்மி. நாளைக்கே ஒரு பாக்கெட் வாங்கு, உப்ப கூட்டாத, மாத்து, அவ்ளோதான். பிங்க் உப்பு மிச்சம் இருந்தா மாப்பிள்ளை கால் வலிக்குதுன்னாரே, சுடுதண்ணில போட்டு ஒத்தடம் குடுக்கட்டும்.

அம்மா