இரத்ததான அட்டை

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

வீட்டில் அனைவரும் நலம். தீபாவளிக்கு வந்து போன பிறகு ஏழு வாரங்களாக அம்மாவோடு மட்டுமே பேசுகிறாய். ஆய்வு வேலை மிகுதி என்றாயாம். அப்படியே இருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு.

நீ காட்டிய படம் கண்ணைவிட்டு அகலவில்லை. பன்றியின் சிறுநீரகத்துக்குள் இரத்தக் குழாய் வழியாகவே சோப்புக் கரைசலைச் செலுத்தி, உயிரணுக்களையெல்லாம் கழுவி நீக்கிய பின் எஞ்சியிருந்த அந்தக் கூடு, இளநீர் வழுக்கையைப் போல வெளுத்திருந்தது. நோயாளியின் சொந்த உயிரணுக்களை அதில் வளர்த்துவிட முடிந்தால் உடல் அதை அந்நியமென்று தள்ளாது என்றாய். நீ இருக்கும் கேப் டவுனில், குரூட் ஸ்கூர் மருத்துவமனையில், 1967 டிசம்பர் 3 அன்று டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் மாற்றிவைத்த இதயம் நன்றாகத் துடித்தும், உடல் அதைத் தள்ளாதிருக்கக் கொடுத்த மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்ததால், லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாட்களில் நிமோனியாவுக்குப் பலியானார். அத்தகைய மருந்துகளே வேண்டாதபடி செய்ய முயல்வோரில் என் மகளும் ஒருத்தி என்று கோயிலில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! வெற்றுக் குழாய்ச் சுவரில் இரத்தம் உறைந்துவிடுகிறது என்று வருந்தினாயே, அது சரியாயிற்றா? இரவெல்லாம் விழித்திராதே. வேளைக்குச் சாப்பிடு.

சித்தப்பாவுக்காகத்தான் இந்தப் படிப்பை எடுத்தாய் என்பதை அறிவேன். டயாலிசிஸ் இயந்திரங்கள் போதாததால், மாற்றுச் சிறுநீரகத்துக்குத் தகுதியானவர்களுக்கே முதலிடம் என்று அரசு மருத்துவமனையில் விதி இருந்தது. நம் டர்பன்காரர் தியாகராஜ் சுப்ரமணி தமக்கும் சிகிச்சை வேண்டித் தொடர்ந்த வழக்கு 1997-இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தோற்றது. சில நாட்களில் அவர் இறந்தார். சித்தப்பாவோ தகுதியானவன். அவனுக்கு இயந்திரம் கிடைத்தது. கொடுக்க ஒருவர்தான் வேண்டியிருந்தது.

தீபாவளியன்று பேனா தேடி என் மேசை இழுப்பறையைத் திறந்தாய். பழைய இரத்ததான அட்டை மேலேயே கிடந்தது. அதில் ‘ஓ’ வகை என்று இருப்பதைப் பார்த்தாய். ‘ஓ’ வகைக்காரன் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால் இரத்த வகை தடையாக இராது என்பது உனக்குத் தெரியாததல்ல. ஒன்றும் கேட்காமல் அட்டையை வைத்துவிட்டாய். கேட்டிருந்தால் அன்றும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

சோதனைக்குப் போனேன், இரத்த வகை பொருந்தவில்லை என்று ஆயாவிடமும் சித்தியிடமும் சொன்னேன். நான் போகவேயில்லை, மகளே. அன்று காலையில் கிளம்பி, மாலை வரை கடற்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். ஊசிக்கு அஞ்சாதவன் கத்திக்கு அஞ்சினேன். வேலை போய்விடும், உங்களைக் காப்பாற்ற முடியாது என்ற காரணங்களையெல்லாம் பின்னால் தேடிக்கொண்டேன். மற்றச் சோதனைகளில் பொருந்தாமலும் போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளவும் நான் இடம் தரவில்லை. பதினான்கு மாதங்கள் அவனை என் காரிலேயே டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்வந்தேன். அவன் ஒவ்வொரு முறையும் எனக்கு நன்றி சொன்னான்.

தைப்பூசக் காவடிக்கு வா. அன்று சித்தி இங்கே சமைக்க வருவாள். அவளிடம் நானே சொல்லப்போகிறேன். விமானச் சீட்டுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

அப்பா