படத்தில் இருப்பவரைக் கேட்டீர்களா?

யார் வேண்டுமானாலும் வீடியோ ஏற்றலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் ஆபாசத் தளங்களின் நிர்வாகிகளுக்கு,

வயது வந்தவர்கள் விரும்பி எடுத்து, விரும்பி வெளியிடுவதில் நான் தலையிட வரவில்லை. அது அவர்கள் பாடு. இது உங்கள் பதிவேற்றப் பக்கத்துச் சின்னப் பெட்டியைப் பற்றிய கடிதம். 'இதில் உள்ள அனைவரும் சம்மதித்துள்ளனர்' என்று போட்டு, டிக் அடிக்க இடம் விட்டிருப்பீர்களே, அதேதான். டிக் அடிப்பது யார்? வீடியோவைக் கையில் வைத்திருப்பவர். திருட்டுப் பொருளுக்குத் திருடனிடமே ரசீது வாங்குகிறீர்கள்.

கனடாவின் தனியுரிமை ஆணையர் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையைப் படித்திருப்பீர்கள். பார்ன்ஹப்பை நடத்தும் ஐலோ நிறுவனத்தின் மீது ஒரு பெண் கொடுத்த புகார் அது. 2015இல் முன்னாள் காதலன் அவருக்குத் தெரியாமல் அந்தரங்க வீடியோவை ஏற்றியிருந்தான். அதை நீக்க வைத்தும் தீரவில்லை. காசு கொடுத்து ஆள் வைத்துத் தேடியதில் 80க்கும் மேற்பட்ட தளங்களில் 700 முறைக்கு மேல் அந்தப் படங்கள் மறுபடி ஏறியிருந்தது தெரிந்தது. ஏற்றியவர் சொல்லை மட்டும் நம்பியது சட்டமீறல் என்றார் ஆணையர்.

அப்புறம் உங்கள் புகார் படிவம். லிங்க் கேட்கிறது. லிங்க் வேண்டுமென்றால் பாதிக்கப்பட்ட பெண்ணே தன் பெயரோடு அசிங்கமான சொற்களைச் சேர்த்துத் தேட வேண்டும், ஒவ்வொரு சின்னப் படமாகப் பார்த்து 'இது நான்தானா' என்று உறுதி செய்ய வேண்டும். அந்த நேரத்திலும் பார்வை எண்ணிக்கை ஏறுகிறது, ஓரத்தில் விளம்பரம் ஓடுகிறது.

இத்தனை வீடியோவை எப்படிச் சரிபார்ப்பது என்பீர்கள். 2020 டிசம்பரில் விசாவும் மாஸ்டர்கார்டும் பார்ன்ஹப்புக்குப் பணம் வரும் வழியை அடைத்தன. சில நாளிலேயே, சரிபார்க்கப்படாதவர்கள் ஏற்றிய வீடியோக்களைப் பார்ன்ஹப் மொத்தமாக எடுத்துவிட்டது. தளத்தின் பெரும்பகுதியே காணாமல் போனது. (நேர்மையாகச் சம்பாதித்த கலைஞர்களுக்கும் அதில் அடி விழுந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.) படத்தில் இருப்பவரின் வயதுக்கும் சம்மதத்துக்கும் ஆவணம் வேண்டும் என்று 2021இல் விதி கொண்டுவந்ததும் மாஸ்டர்கார்டுதான். சட்டமன்றங்களை ஒரு கார்டு நிறுவனம் முந்திக்கொண்டது எனக்கு அவ்வளவு சந்தோஷமான செய்தி இல்லை.

2025 மே மாதம் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்கிறது. சரி, ஒன்றும் இல்லாததற்கு இது தேவலை. ஆனால் ஒரு வீடியோவைப் பதிவிறக்கி இன்னொரு தளத்தில் ஏற்ற சில நிமிடம் போதும்.

அதனால் நான் கேட்பது இதுதான். படத்தில் தெரியும் ஒவ்வொருவரின் அடையாளமும் சம்மதமும் கைக்கு வரும்வரை வீடியோவை வெளியே விடாதீர்கள். புகார் வந்ததும் முதலில் மறையுங்கள், விசாரணை பிறகு. பொய்ப் புகாரும் வரும்தான். இரண்டு நாள் மறைந்திருந்த நல்ல வீடியோவைத் திரும்பப் போட்டுவிடலாம். இறங்கிப் போனதை யாராலும் திரும்ப வாங்க முடியாது.